முதலில் ஓடுகிறவள்

நாக்பூர்
12 நவம்பர் 2003

அன்புள்ள பிபியானா தீதிக்கு,

ஜெய் யேசு. நீயும் வீட்டில் எல்லாரும் சுகமா? இந்தக் குளிருக்கு ஆயோவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாகப் போகிறதே என்று பயந்துவிடாதே. இடது கையில் இரண்டு விரல் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, அது நகர்ந்துகொண்டே இருக்கிறது.

போன சனிக்கிழமை பஞ்சாப் அணியோடு ஹாக்கி ஆட்டம். அவர்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. எங்கள் கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாக நான்தான் ஓடினேன். அடிக்கிறவள் மட்டையை ஓங்குவதற்குள் எதிரே போய் நிற்க வேண்டும், போய் நின்றுவிட்டேன். பந்து என் மட்டையில் பாதியும் விரலில் பாதியுமாகப் பட்டது. கோல் விழவில்லை. நாங்கள் ஜெயித்தோம்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் நீதானா? இது எலும்பா, அப்பளமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து விடுதியில் எனக்கு அப்பளம் என்றே பெயர். சாப்பாட்டு வரிசையில் நின்றால், "அப்பளம் வருது, நொறுங்கிடப்போகுது, வழி விடுங்க" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வேறு என்ன செய்வது?

ஆட்டத்துக்காக வேலை கொடுத்த இந்த வாரியத்தின் அணிக்கு வந்த பிறகு முதலில் கணுக்கால், அடுத்து புருவம், இப்போது விரல். வரும் ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்வார்கள். ஒரு குழு வந்து நான் ஆடுவதையும் பார்க்கும், டாக்டரின் அறிக்கையையும் பார்க்கும். சரி என்றால் ஆட்டத்தை விட்ட பிறகும் எனக்கு மேசையும் நாற்காலியும் உண்டு. இல்லை என்றால் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கல் உடைக்கிற கிரஷரில் உன் பக்கத்தில் கல் சுமக்க வேண்டியதுதான்.

ஆயோவிடம் விரலைப் பற்றிச் சொல்லாதே. பெற்றவள், உடனே ஒப்பாரி வைத்துவிடுவாள். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் தங்கை
தியோபிலா


கராபஹால், சுந்தர்கட்
30 நவம்பர் 2003

அன்புள்ள தியோவுக்கு,

ஜெய் யேசு. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. யானைக்குப் போனது போக மிச்சம் நமக்கு.

கடிதத்தை ஆயோவுக்குப் படித்துக் காட்டும்போது விரல் வந்த இடத்தில் நான் இருமினேன். கிழவிக்குக் கண்தான் மங்கல், காது கத்தி மாதிரி. "எந்த எலும்பு?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே குறி சொல்லும் ஓஜாவிடம் ஒரு கறுப்புக் கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உன்மேல் ஒரு பெண்ணின் கண் பட்டிருக்கிறதாம். ஊரில் பாதிக் கண் பெண்களுடையது, இதைச் சொல்ல ஒரு கோழியா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றினாள். இரண்டு பக்கமும் சொல்லி வைக்கிறாள்.

அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு வேறு கோபம். கார்னருக்கு முதல் ஆளாக ஓடினேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஃபவுல் உன்னுடையது. வெட்கமாக இல்லையா உனக்கு? ஃபவுல் யாருடையதோ ஓட்டம் அவளுடையது, நம் பக்கத்தில் மட்டை பிடிக்கும் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். என் முகவாயில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது? பந்து என் காலில் பட்டது, நான் ஓடினேன், வாங்கிக்கொண்டேன். யாரையும் குறை சொல்லவில்லை. நீ இத்தனை எலும்பை உடைத்துக்கொண்டிருக்கிறாய் என்றால் எத்தனை கார்னர் கொடுத்திருப்பாய்? இங்கே கல்லும் முள்ளுமான தரையில் காலில் பந்து படாமல் ஆடியவள் நீ. அங்கே பச்சை விரிப்பில் கால் சோம்பிப் போய்விட்டது.

உனக்கு எலும்பில் குறையும் இல்லை, கண்ணேறும் இல்லை. கவனம்தான் இல்லை. காலைப் பார்த்து ஆடு. விரலை நனைக்காதே.

உன் தீதி
பிபியானா


நாக்பூர்
18 டிசம்பர் 2003

அன்புள்ள தீதிக்கு,

ஜெய் யேசு. உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஆயோவுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். அவளுக்குச் சிவப்புப் பிடிக்காது என்று தெரியும், கடையில் அதுதான் இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் கேப்டன் ராஜ்வந்தி ஹரியானாக்காரி, கோல்கீப்பர். எருமை மாதிரி உடம்பு, எருமை மாதிரியே நல்ல மனசு. அவள் வீட்டிலிருந்து டப்பா டப்பாவாக நெய் வருகிறது. "குடிடி அப்பளம், எலும்பு இரும்பாயிடும்" என்று கரண்டியோடு துரத்துகிறாள். நேற்று அவளுக்காக ஒரு கரண்டி விழுங்கிவிட்டு மதியம் வரை குமட்டலோடு திரிந்தேன். நம் வயிறு கஞ்சித்தண்ணீருக்குப் பழகியது என்றால் கேட்கமாட்டாள்.

இங்கே பாதிரியார் மராத்தியில் பூசை வைக்கிறார். பாட்டு மட்டும் மெட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன்.

நீ எழுதியது சரிதான். காலைப் பார்த்து ஆடுகிறேன்.

எல்லாருக்கும் என் அன்பு.
தியோ


கராபஹால்
20 ஜனவரி 2004

அன்புள்ள தியோவுக்கு,

ஜெய் யேசு. உன் உடம்பு எப்படி? சால்வை வந்தது. சிவப்பு பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே தூங்கும்போதும் போர்த்திக்கொள்கிறாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து நம் மைதானத்தில் கஸ்ஸி ஹாக்கிப் போட்டி நடந்தது. பரிசாக இந்த முறை நல்ல கொழுத்த கிடா. பெண்கள் அணிக்கு நான்தான் கேப்டன். கடைசியில் தோற்றோம். கண்ணெதிரே பக்கத்து ஊர்க்காரிகள் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளம் அடித்துப் போனார்கள். எங்களுக்கு அவர்கள் கொடுத்த ஹண்டியாக் கள் மட்டும்தான் மிஞ்சியது. குடித்துவிட்டு நானும் அவர்களோடு ஆடினேன், வேறு வழி?

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் நெய்யைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரு வரி. 'நீ எழுதியது சரிதான்' என்கிறாய். நீ எப்போதடி நான் சொன்னதைச் சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறாய்? மூன்று வயதிலிருந்து என்னோடு சண்டை போட்டவள் இப்படி எழுதினால் நான் நம்பமாட்டேன். அங்கே என்ன நடக்கிறது? எத்தனை ஃபவுல் பண்ணுகிறாய்? நேராக எழுது.

பிர்மித்ராபூர் பக்கமிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி ஆயோவிடம், "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா அடிக்கடி உடையுதாமே" என்றாள். நான், "உங்க வீட்டுப் பையன் அடிக்கடி விழறானாமே, சாராயக் கடை வாசல்ல" என்றேன். கிளம்பிப் போய்விட்டார்கள். ஆயோ என்னோடு பேசுவதில்லை.

உன் தீதி
பிபியானா


நாக்பூர்
22 பிப்ரவரி 2004

அன்புள்ள தீதிக்கு,

ஜெய் யேசு. அங்கே எல்லாரும் சுகமா? ஆயோ உன்னோடு பேசுகிறாளா?

மறுபடியும் அடிபட்டுவிட்டது. இந்த முறை காறை எலும்பு. தோளைத் தூக்க முடியவில்லை, கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆடும்போது வலி தெரியவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால்தான் தெரிகிறது. பயப்படாதே, ஏப்ரலுக்குள் கூடிவிடும்.

என்னவோ என் நேரம் சரியில்லை. டாக்டர் அறிக்கையில் 'எளிதில் காயமடையும் உடல்வாகு' என்று எழுதியிருக்கிறார். எழுத்தர் படித்துக் காட்டினார். மேனேஜர், "பொண்ணு நல்லா ஆடுது, ஆனா ராசி இல்ல" என்கிறார். ஒருவர் உடம்பு என்கிறார், ஒருவர் ராசி என்கிறார். ஜூனில் குழு வரும்போது இரண்டையும் சேர்த்துப் படிப்பார்கள்.

கோச் சோலங்கி சார் மட்டும் என்னை விட்டுக்கொடுப்பதில்லை. போன வாரம் எல்லார் முன்னாலும், "இவங்க காட்டுல பொறந்து வளர்ந்தவங்க. பயம்னா என்னன்னே தெரியாது. மத்தவங்க இவளப் பாத்துக் கத்துக்கணும்" என்று சொன்னார்.

சிம்டேகாவிலிருந்து ஒரு புதுப் பெண் தற்காலிகமாக வந்திருக்கிறாள். ஜுலியானி என்று பெயர். ராத்திரி என் கட்டிலில் உட்கார்ந்து சாத்ரியில் பேசிக்கொண்டே இருப்பாள். நம் மொழி கேட்டால் தோள்வலி பாதி குறைகிறது.

நல்ல சேதி ஒன்று. மார்ச்சில் ரூர்கேலாவில் போட்டி. நான் ஆடமாட்டேன், வெளியே உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் நீ வா. உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தியோ


கராபஹால்
21 மார்ச் 2004

தியோ,

ஜெய் யேசு. நீ பத்திரமாக நாக்பூர் போய்ச் சேர்ந்திருப்பாய். தோள் எப்படி இருக்கிறது? நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்.

ரூர்கேலாவில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும், நீ கையாட்டினாய். என்னைச் சுற்றி முழுக்க நம் ஆட்கள். பன்போஷ், ராஜ்கங்பூர், எங்கெங்கிருந்தோ லாரி ஏறி வந்தவர்கள். உன் அணிக்கு எதிராக முதல் கார்னர் கொடுத்தார்கள். அந்தச் சின்னப் பெண் ஜுலியானி கோல் கோட்டிலிருந்து பாய்ந்து ஓடினாள். பந்து அவள் தொடையில் பட்டது. எனக்குப் பின்னால் ஒருத்தன், "ஏய் பொண்ணே, அடுத்த தடவ கால வீட்ல வச்சிட்டு வா!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபவுல் அவளுடையது என்றுதானே நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

இரண்டாவது கார்னர். இந்த முறை நான் சரியாகப் பார்த்தேன். மஞ்சள் ரிப்பன் கட்டிய பெண் எதிராளியின் மட்டையை அடித்தாள், நடுவர் விசில் ஊதினார். ரிப்பன்காரி சாவகாசமாக நடந்துபோய்க் கோல் கம்பத்தின் ஓரம் நின்றுகொண்டாள். ஓடியது ஜுலியானி.

"ஏய், ஃபவுல் அந்த ரிப்பன்காரி பண்ணா. இவ எதுக்கு ஓடறா?"

"நடுவருக்குக் கண்ணு தெரியலையா?"

"இது நடுவர் வேலை இல்லடா, அவங்க கோச் வேலை."

"கோச்சுக்குக் கண்ணு தெரியலையா?"

மூன்றாவது கார்னருக்கும் தவறு வேறு யாரோ செய்தாள். கேலரி முழுக்க எழுந்து நின்று, "அவள ஓடச் சொல்லு! அவள ஓடச் சொல்லு!" என்று கத்தியது. உங்கள் கோச் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். அவருக்கு உற்சாகம் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பார். ஜுலியானிதான் ஓடினாள். பந்து எகிறிக் கண்ணுக்குக் கீழே பட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவளின் விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

நான் அப்போது உன்னைப் பார்த்தேன். நீ பெஞ்சில் எழுந்து நின்றுவிட்டாய். அதே நொடியில் நீயும் என்னைப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டாய்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நீ உள்ளே இருந்திருந்தால் அந்த மூன்று தடவையும் நீதான் ஓடியிருப்பாய். நீ இல்லை, உன் இடத்தில் அவள் நின்றாள், உன் அடி அவளுக்கு விழுந்தது. இதில் உடல்வாகு எங்கே வந்தது? ராசி எங்கே வந்தது?

பஸ் பக்கத்தில் நீ, "நின்னுட்டே பாத்தியா தீதி, கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாய். நான் அரிசாப் பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்தேன். உங்கள் கோச் வந்து சிரித்துக்கொண்டே, "அக்காவா? இன்னொரு சிங்கம்! இவங்களையும் அனுப்பி வை, முதல்ல ஓட எனக்கு ஆள் பத்தல" என்றார். நானும் சிரித்து வைத்தேன் தியோ. அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

எங்கள் கிரஷரில் கல் சிக்கி மிஷின் நின்றால் மேலே ஏறிக் கம்பியால் குத்திவிட, வேலை வாங்கும் முன்ஷி யாரை அனுப்புவான் தெரியுமா? நம் ஆட்களை. "நீங்க மரம் ஏறுறவங்கதானே" என்பான். கை போனால், "குடிச்சிட்டு வந்திருப்பான்" என்பான். அனுப்பும்போது ஒரு பேச்சு, அடிபட்ட பிறகு ஒரு பேச்சு. நான் தினமும் பார்ப்பதுதான் இது. உன் விஷயத்தில் மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. கவனம் இல்லாதவள் என்று உனக்கு எழுதினேன். நீயும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாய்.

ஏன் சொல்லவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது. நெய் வேண்டாம், பாதிரியார் வேண்டாம்.

பிபியானா


கராபஹால்
25 ஏப்ரல் 2004

தியோ,

ஜெய் யேசு. ஒரு மாதமாகத் தபால்காரர் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார். அங்கே மை தீர்ந்துவிட்டதா? தோள் கூடியதா இல்லையா என்றாவது எழுதித் தொலை. ஆயோ சாப்பிடும்போது உன் தட்டைப் பார்க்கிறாள்.

பி.


நாக்பூர்
9 மே 2004

அன்புள்ள தீதிக்கு,

ஜெய் யேசு. ஆயோவிடம் தோள் கூடிவிட்டது என்று சொல். பயிற்சியில் இறங்கிவிட்டேன்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது, இதைக் கிழிக்கமாட்டேன்.

நான் வந்த புதிதில் சோலங்கி சார், "கார்னருக்கு யார் முதல்ல ஓடறீங்க?" என்று கேட்டார். ஷீத்தல் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள். அவள்தான் நீ பார்த்த ரிப்பன்காரி. நான் கையைத் தூக்கினேன். அன்றைக்கு ஒருமுறைதான் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை, கையை மட்டும் நீட்டுவார். நான் ஓடுவேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? ஃபவுல் பண்ணி அடி வாங்கினேன் என்று நீ நினைத்தால் திட்டுவாய், அவ்வளவுதான். அனுப்பி வைக்கிறார்கள், போகிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கவனமில்லாதவள் என்று பெயர் வாங்குவது அதைவிட லேசாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் சொன்னால் நீ 'இனி ஓடாதே' என்பாய் என்று பயந்தேன். எனக்கு ஓடப் பிடிக்கும் தீதி. பந்து கோட்டிலிருந்து கிளம்பும் நொடியில் நானும் கிளம்பியிருப்பேன். அடிக்கிறவளின் தோள் திரும்புவதைப் பார்த்தே எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். அவள் ஓங்கும்போது என்னைப் பார்த்துத் தடுமாறுவாள் பார், அதற்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடுவேன். இந்த நாட்டில் இதை என்னைவிட நன்றாகச் செய்கிறவள் இருந்தால் வந்து நிற்கட்டும். ஆனால் நான் நிறுத்திய கோலை யாரும் எழுதி வைப்பதில்லை. உடைந்த எலும்பை மட்டும் எழுதுகிறார்கள்.

ஜுலியானியைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கன்ன எலும்பில் விரிசல். தற்காலிகம்தானே, நீட்டிக்கவில்லை. அவள் அறிக்கையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'எளிதில் காயமடையும் உடல்வாகு.' அதே டாக்டர், அதே எழுத்து. ஸ்டேஷனில் அவள் என்னிடம், "தீதி, என் எலும்பும் உன் எலும்பு மாதிரியேவா?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள், நம்பிவிட்டாள். அதுவரை நானும் பாதி நம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு என் மணிக்கட்டை நானே அழுத்திப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே அப்பளமோ என்று.

ஜூன் கடைசியில் குழு வருகிறது. அவர்கள் முன்னால் ஒரு ஆட்டம், பிறகு நேர்காணல். நான் வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டாலும் அந்த அறிக்கையால் போகலாம்.

நீ ரூர்கேலாவில் சிரித்ததற்கு வருத்தப்படாதே. இங்கே எல்லாரும் சிரிக்கிறோம்.

தியோ


கராபஹால்
24 மே 2004

என் தியோவுக்கு,

ஜெய் யேசு. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிரஷரில் தூசி, இருமல். மற்றபடி சுகம்.

ஓடாதே என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? நீ பயந்து கோல் கம்பத்தின் பின்னால் ஒளிந்தால் முதலில் காறித்துப்புவது நான்தான். நன்றாக ஓடுகிறவள் ஓடட்டும். ஓடச் சொல்லும்போது சிங்கம், அடிபட்டதும் அப்பளமா? அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வை. எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் கல் சுமக்கிறவள், அந்தக் குழுவை நான் கண்டதில்லை. நீதான் அங்கே இருக்கிறாய்.

வேலை போனால் வா. கூடை ஒன்று அதிகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடையை நினைத்துக்கொண்டு வாயை மூடாதே.

ஆயோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் அரிசி புடைத்துக்கொண்டே, "அப்ப கண்ணேறு எதுவும் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அப்படின்னா அந்த ஓஜாகிட்ட என் கோழியத் திருப்பி வாங்கிட்டு வா" என்றாள். நிஜமாகவே போகச் சொல்கிறாள். நாளைக்குப் போகிறேன்.

உன் தீதி
பிபியானா


நாக்பூர்
18 ஜூலை 2004

அன்புள்ள தீதிக்கும் ஆயோவுக்கும்,

ஜெய் யேசு. உங்கள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். ஒரு எலும்பும் உடையவில்லை. மழை வந்ததா? நாற்று நட ஆள் கிடைத்தார்களா? கோழி கிடைத்ததா?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆயோவுக்கு நிறுத்தி நிறுத்திப் படி, எங்கேயும் இருமாதே.

குழு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஆட்களையே இரண்டாகப் பிரித்து ஆடவைத்தார்கள். முதல் கார்னர், ஃபவுல் ஷீத்தலுடையது. சோலங்கி சார் கையை நீட்டினார். நான் ஓடினேன். பந்து என் மட்டையின் நடுவில் பட்டு அப்படியே செத்து விழுந்தது. பந்தலில் ஒருவர் கை தட்டினார். முதலில் அதைக் காட்ட வேண்டும் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன்.

இரண்டாவது கார்னர், அதுவும் ஷீத்தல் காலில் பட்டதுதான். சார் கையை நீட்டினார். நான் கம்பத்தின் ஓரம் போய் நின்றேன்.

"தியோபிலா! ஓடறது நீ!"

"ஃபவுல் நான் பண்ணல சார்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எங்க ஊர்ல சம்பந்தம் உண்டு சார்."

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொய் சொல்லமாட்டேன் தீதி. மேசை, நாற்காலி, கூடை எல்லாம் கண்முன் வந்துபோயிற்று. அப்போது கோலுக்குள்ளிருந்து ராஜ்வந்தி முகமூடியைத் தூக்கிவிட்டு, "ஷீத்தல், நீ போ" என்றாள்.

"எனக்குப் பழக்கமில்லடி!"

"அவ மட்டும் அம்மா வயித்துலயே பழகிட்டு வந்தாளா? போடி!"

கேப்டன் சொன்னால் போகத்தான் வேண்டும். ஷீத்தல் போனாள். கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடினாள். பந்து முழங்காலுக்குக் கீழே பட்டது. அவள் அலறிய அலறலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது.

தீதி, நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். டாக்டர் ஓடினார். மேனேஜர் ஐஸ் பெட்டியோடு ஓடினார். சோலங்கி சார் எனக்காக ஒரு நாளும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, அன்றைக்கு ஷூ நனைய நனைய ஓடி வந்தார். டாக்டர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா ஆச்சு? எப்படி ஆச்சு?" என்று கேட்டார். என்னை யாரும் எப்படி என்று கேட்டதில்லை. என்னிடம் கேட்பதெல்லாம் "மறுபடியுமா?" என்றுதான்.

ஷீத்தலுக்கு எலும்பு உடையவில்லை, வீக்கம்தான்.

மதியம் நேர்காணல். தலைவர் நரைத்த மீசைக்காரர், அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"உனக்கு அடிக்கடி காயம் படும்னு போட்டிருக்கே. என்ன சொல்ற?"

"ஜுலியானின்னு ஒருத்தி இருந்தா சார். அவளுக்கும் இதையேதான் போட்டாங்க. இன்னைக்கு ஷீத்தலுக்கும் போடுவீங்களா?"

டாக்டர் குறுக்கே புகுந்தார். "ஷீத்தலுக்கு இது முதல் தடவை."

"அவ அந்த இடத்துல ஓடினதும் முதல் தடவைதான் டாக்டர்."

தலைவர் சோலங்கி சார் பக்கம் திரும்பினார். "கார்னருக்கு யார் ஓடணும்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க?"

"தைரியமானவங்கள அனுப்புறோம் சார். இவங்க ஆளுங்களுக்கு இயல்பாவே பயம் கிடையாது."

"எனக்குப் பயம் உண்டு சார்" என்றேன் நான். "தினமும் உண்டு. யாரும் கேட்கல, அதனால சொல்லல. பயத்தோடதான் ஓடறேன், நல்லாவும் ஓடறேன். காலைல பாத்தீங்க. ஓடறதுக்கு நான் வேணும்னா வச்சுக்கோங்க. என் எலும்பு மேல பழி போட்டு அனுப்பணும்னா, அடுத்து அந்த இடத்துல நிக்கறவளுக்கும் இப்பவே ஒரு அறிக்கை எழுதி வச்சிருங்க."

வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ராஜ்வந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "முடிஞ்சுதுடி. ரெண்டு பேரும் எங்க ஊருக்குப் போய் எருமை மேய்ப்போம்" என்றாள். அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் நிறுத்திய கோல்களை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாளாம், எந்த ஊரில், யார் அடித்தது என்று. கோலுக்குள் நிற்கிறவளுக்குத்தான் அது தெரியும்.

அந்தப் புதன்கிழமையே உத்தரவு வந்தது. நிரந்தரம். ஆயோவுக்கு இந்த இடத்தை இரண்டு தடவை படி.

தலைவருக்கு என்மேல் பாசம் ஒன்றும் இல்லை. அன்றைக்கே வாசலில், "உனக்கு வாய் ஜாஸ்தி. ஆனா அந்தப் பந்த நிறுத்த வேற ஆள் இல்ல எங்ககிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கட்டும். டாக்டரின் அறிக்கை இன்னும் கோப்பில் அப்படியேதான் இருக்கிறது. சோலங்கி சார் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் கையை நீட்டுவதும் இல்லை. கார்னர் என்றால் ராஜ்வந்திதான் பெயர் சொல்கிறாள், ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஷீத்தல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே என் கட்டிலுக்கு வந்து, "கண்ண மூடாம எப்படிடி ஓடற? எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். சொல்லிக் கொடுக்கிறேன். கொஞ்சம் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறேன், உன்னிடம் கற்றது.

ஆகஸ்டில் தற்காலிக இடத்துக்குப் புதிதாகத் தேர்வு வைக்கிறார்கள். யாரும் வரலாம். நான் சிம்டேகாவுக்கு ஜுலியானியின் பெயருக்கு எழுதினேன். கன்னம் ஆறிவிட்டது, நாற்று முடிந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறாள். கடைசியில் பயந்து பயந்து ஒன்று கேட்டிருக்கிறாள்: "தீதி, இந்தத் தடவ நான் எங்க நிக்கணும்?"

நான் எழுதினேன்: "வா. வந்து நீயே சொல்லு."

என்றும் உங்கள்
தியோபிலா